அப்பாவுக்கு ஒன்பது பொத்தான்

கிள்ளானில் அப்பா வீட்டு ஹாலில் ஐந்து ரிமோட்டுகள் இருக்கின்றன. டிவிக்கு ஒன்று, ஆஸ்ட்ரோ டிகோடருக்கு ஒன்று, தம்பி போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளியில் வாங்கிக் கொடுத்த சவுண்ட்பாருக்கு ஒன்று, ஏர்கானுக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று. ஐந்துக்கும் அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் கட்டி வைத்திருப்பார். உறைக்குள் இருக்கும் எழுத்து தேய்ந்ததோ இல்லையோ, உறை மங்கிப்போய் எழுத்தே தெரியாது. அம்மாவுக்கு அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. இருட்டில்கூட எது எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு என் நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது அந்த வீட்டில் நடப்பது இதுதான்: அம்மா டிவியைப் போடுவார், டிகோடரைப் போடுவார், டிவி சரியான எச்டிஎம்ஐக்கு மாறியிருக்கிறதா என்று பார்ப்பார், சவுண்ட்பாரை எழுப்புவார், பிறகு டிகோடரில் எங்கள் வானொலியின் அலைவரிசை எண்ணைத் தட்டுவார். என் குரல் ஹாலில் ஆரம்பித்து சமையலறை வரைக்கும் போகும். அப்பா கோப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் அவருடைய பங்கு, உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது.

போன மாதம் அம்மாவின் பிறந்தநாள் வந்தது. நேயர்களிடம் சொந்தக் கதை பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று மட்டும் ஏழு மணிச் செய்திக்குப் பிறகு மூன்று நிமிடம் அம்மாவைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்து மைக்கை அணைத்தபோது கை நடுங்கியது. அப்பா கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அழுதுகொண்டிருப்பார், விட்டுவிடுவோம் என்று இருந்தேன். சாயந்திரம் நானே கூப்பிட்டேன்.

"காலையில கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்மா. நல்லா இருந்துச்சு. பாட்டெல்லாம் நல்ல பாட்டா போட்ட."

அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மேல் கோபமோ, வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டேன் என்ற வருத்தமோ என்று என்னென்னவோ யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வரும்போது, அப்பா ஹாலில் தனியாக நின்று ரிமோட்டை நீட்டிக்கொண்டிருந்தார். டிவி எரிந்தது. நீலத் திரை வந்தது, 'நோ சிக்னல்' என்று ஒரு கட்டம் அதில் மிதந்தது. அப்பா இன்னொரு ரிமோட்டை எடுத்தார், எதையோ அழுத்தினார், காத்திருந்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டு, ஐந்து ரிமோட்டுகளையும் அம்மா வைத்தது போலவே வரிசையாக அடுக்கி வைத்தார்.

எட்டு மாதமாக அப்பா டிவி பார்க்கவில்லை. துக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். துக்கமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் போடத் தெரியவில்லை என்பதும் உண்மை. கேட்க வெட்கம். நாங்கள் வீட்டுக்குப் போகிற நாட்களில் யாராவது ஒருவர் பழக்கத்தில் போட்டுவிடுவோம், அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். நாற்பதடி கொள்கலனைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் பூ மாதிரி வைத்தவர். ஒரு டிவியைப் போடத் தெரியவில்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வார்?

தம்பி ஜொகூரிலிருந்து போனில் சொன்னான், "ஐம்பது வெள்ளிக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடு, முடிஞ்சது வேலை." ஒன்று வாங்கினேன். அப்பா அதைச் சாமி மேசைக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. போனில் ஆப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் போன் என்றால் பேசுவதற்கு. "அந்தப் பெட்டியில வந்தாத்தான்மா சமையக்கட்டு வரைக்கும் கேட்கும்" என்றார். சமையலறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆக, எனக்கு வேண்டியது ஒரே ரிமோட். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடக்க வேண்டும். வானொலி நிலையத்தில் எங்களுக்கு இது புதிதல்ல. ஒரு விசையைத் தட்டினால் ஜிங்கிள் ஓடி, அது முடிகிற இடத்தில் பாட்டு ஏறி, மைக் தானாக மூடிக்கொள்ளும். அதையே ஹாலுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று தோன்றியது. பிற ரிமோட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றை இணையத்தில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். ஊடகப் படிப்பில் பட்டம் வாங்கியவள், ஒரு ரிமோட் என்ன பெரிய விஷயம் என்ற திமிர் வேறு.

அந்த இரவு மேசையில் புது ரிமோட்டையும் பழைய ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, ஒவ்வொரு பொத்தானாகக் கற்றுக்கொடுத்தேன். டிவியில் இருக்கிற எல்லாப் பொத்தானும். டிகோடரில் எல்லாப் பொத்தானும். நன்றாகப் பதியட்டும் என்று ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 37-வது பொத்தானில் அந்தச் சின்னத் திரையில் 'ஃபுல்' என்று வந்தது. சவுண்ட்பாருக்கு நான் இன்னும் போகவே இல்லை.

இது எனக்குப் புரியவே இல்லை. 64 ஜிகாபைட் மெமரி கார்டு முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிற காலத்தில், முப்பத்தாறு பொத்தானுக்கு மேல் ஒரு பொருளுக்கு நினைவில் இடமில்லையா? தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்படிப்பட்ட ரிமோட்டுகள் பலவற்றில், நாம் சொல்லிக்கொடுப்பதை வைத்துக்கொள்ளும் சிப்பில் இருப்பது 2 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் அத்தை அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதில் அடங்காது.

ரிமோட் பேசும் விதத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் பொத்தானை அழுத்தும்போது முன்னால் இருக்கும் சின்ன விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வினாடிக்குச் சுமார் 38,000 முறை என்ற வேகத்தில் விட்டுவிட்டு அடிக்கிறது. அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது, நடுவில் எவ்வளவு நேரம் மௌனம் என்பதுதான் அதன் மொழி. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் என்இசி என்ற முறையில், முதலில் 9 மில்லிவினாடி ஒரு நீண்ட அடி, பிறகு 4.5 மில்லிவினாடி மௌனம், அதன் பின்னால் 32 பிட் செய்தி. கணக்குப் பார்த்தால் வெறும் 4 பைட்.

ஆனால் கற்றுக்கொள்ளும் ரிமோட்டுக்கு அந்த மொழி தெரிய வேண்டிய அவசியமில்லை. அது அர்த்தம் புரியாமல் அப்படியே ஒப்பிக்கும் பிள்ளை. அடி எவ்வளவு, மௌனம் எவ்வளவு என்று மொத்தம் 67 நீளங்களையும் வரிசையாக எழுதிக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று வைத்தால் ஒரு பொத்தானுக்கு 134 பைட். அந்தக் கணக்கில் 2 கிலோபைட்டில் 15 பொத்தான்தான் அடங்கும். நல்ல ரிமோட்டுகள் திரும்பத் திரும்ப வரும் நீளங்களைச் சுருக்கி எழுதிக்கொள்வதால்தான் நான் முப்பத்தாறு வரையாவது போக முடிந்தது.

வானொலிக்காரியாக இருந்துகொண்டு இது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். ஒரு பாட்டை ஒலிபரப்ப இரண்டு வழி. பாட்டை முழுசாகப் பதிவுசெய்து கையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது நூலகத்தில் இருக்கும் பாட்டின் எண்ணை மட்டும் பட்டியலில் எழுதலாம். யுனிவர்சல் ரிமோட்டுக்குள் ஏற்கெனவே ஒரு நூலகம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே ஆயிரக்கணக்கான கருவிகளின் மொழியை அதன் நிரந்தர நினைவில் எழுதித்தான் அனுப்புகிறார்கள். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், யாரும் பார்க்காத பொடி எழுத்தில், நான்கு இலக்க எண்கள் வரிசை வரிசையாக இருக்கும். உங்கள் டிவிக்கு உரிய எண்ணைத் தட்டினால் அந்த டிவியின் பெரும்பாலான பொத்தான்கள் ஒரே மூச்சில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குச் செலவாகும் நினைவகம் ஒன்றிரண்டு பைட். நான் நூலகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, எல்லாப் பாட்டையும் மைக்கில் பிடித்துப் பதிவுசெய்துகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்தேன். அழிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில ரிமோட்டுகளில் ஒரு பொத்தானை மட்டும் அழித்தால், பொத்தான் வேலைசெய்யாமல் போகுமே தவிர அது பிடித்திருந்த இடம் காலியாகாது. மொத்தமாக அழித்து ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். என்னுடையது அந்த ரகம். அடுத்தபடியாக, எண்ணில் வராத பொத்தான்களுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தேன், அதுவும் அழுத்திப் பிடிக்காமல் சட்டென்று ஒரே தட்டு. பிடித்துக்கொண்டே இருந்தால் பழைய ரிமோட் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும், சில கற்கும் ரிமோட்டுகள் அந்தத் திரும்பல்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும்போது தலைக்கு மேலே இருக்கும் கலிமந்தாங் விளக்கை அணைத்துவிடுங்கள். அதன் ஒளியும் கலந்து பதிவானால் பொத்தான் ஒருநாள் வேலைசெய்யும், ஒருநாள் செய்யாது. பழைய ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாக அதன் மூக்கைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அந்த ஒளி ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

ஒலியளவுப் பொத்தான்களை டிவிக்கு ஒரு முறை, டிகோடருக்கு ஒரு முறை, சவுண்ட்பாருக்கு ஒரு முறை என்று மூன்று தரம் கற்றுக்கொடுப்பது நான் செய்யவிருந்த இன்னொரு மடத்தனம். எந்தக் கருவியில் இருந்தாலும் ஒலியளவு சவுண்ட்பாருக்கே போகட்டும் என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம், பல ரிமோட்டுகளில் அந்த வசதி உண்டு.

ஏர்கான் விஷயத்தில் தோற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டிவி ரிமோட் மாதிரி ஏர்கான் ரிமோட் 'ஒரு டிகிரி ஏற்று' என்று சொல்வதில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது தன் திரையில் இருக்கும் மொத்த நிலவரத்தையும் அனுப்புகிறது. குளிர் முறை, 25 டிகிரி, காற்றின் வேகம், எல்லாமே. சில மாடல்களில் அந்தச் செய்தி 100 பிட்டையும் தாண்டும். 25 டிகிரிக்கு ஒன்று, 26-க்கு ஒன்று என்று கற்றுக்கொடுத்தால் ஏர்கான் ஒன்றே வீட்டை விழுங்கிவிடும். 'ஏர்கான் 26', 'ஏர்கான் நிறுத்து' என்று இரண்டே இரண்டு கற்றுக்கொடுத்துப் பார்த்தேன், முதலாவதே பதியவில்லை. விட்டுவிட்டேன். மின்விசிறி ரிமோட்டோ ஒளியில் பேசுவதே இல்லை, வானொலி அலையில் பேசுகிறது. என் ஜாதிதான், ஆனாலும் எனக்கு உதவவில்லை. அந்த இரண்டும் அம்மாவின் உறையோடு அப்படியே இருக்கட்டும். ஏர்கானும் விசிறியும் அப்பாவுக்குப் போடத் தெரியும்.

இந்த ஒப்பிக்கிற ரிமோட் ஒன்றும் புதுச் சரக்கல்ல. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987-ல் சிஎல்9 என்ற தன் சிறிய நிறுவனத்திலிருந்து கோர் என்றொரு ரிமோட்டை வெளியிட்டார். மற்ற ரிமோட்டுகளைப் பார்த்துக் கற்கும், கட்டளைகளைக் கோவையாக ஓட்டும். கெட்டிக்காரக் கருவி, ஆனால் அதை நிரலாக்குவது சாதாரண வீட்டுக்காரர்களுக்கு ஆகிற காரியமாக இல்லை. பின்னாளில் ஹார்மனி ரிமோட் வந்து, பாடம் முழுவதையும் நிறுவனத்தின் கணினியில் வைத்துக்கொண்டு நமக்குச் சுலபமாக்கியது. 2021 ஏப்ரலில் லாஜிடெக் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டதாக அறிவித்தது. நல்லது எதுவும் நிலைக்காது போல. அப்பா வயதுக்காரர்களுக்கு யார்தான் ரிமோட் செய்கிறார்கள் என்று எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது. எதை வைப்பது என்பதில்தான் சண்டை. தம்பி வீடியோ அழைப்பில் வந்து, விளையாட்டு அலைவரிசை வேண்டும், பதிவுசெய்யும் பொத்தான் வேண்டும், மெனு கட்டாயம் வேண்டும் என்று அடுக்கினான். "யாருக்குடா இந்த ரிமோட்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ அப்பாவைக் கேட்டியா?" என்றான்.

கேட்கவில்லை. எனக்கு நானே முடிவுசெய்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். காலையில் உன் வானொலி. ராத்திரி செய்தி. பழைய படம் போடுகிற அலைவரிசை. சத்தம் கூட்ட, குறைக்க. அலைவரிசை மேலே, கீழே. எல்லாம் அணைக்க. எட்டு. "வழி தவறிட்டா திரும்பி வர ஒண்ணு வச்சிக் கொடும்மா" என்றார். ஒன்பது.

காலைப் பொத்தானில்தான் அதிக வேலை. டிவி, எச்டிஎம்ஐ, சவுண்ட்பார், அலைவரிசை எண் என்று கோவையாகப் போட்டேன். அழுத்தினால் மூன்றில் ஒரு தடவைதான் சரியாக வந்தது. டிவி விழித்துக்கொள்ளப் பத்து வினாடி ஆகிறது, அதற்குள் எச்டிஎம்ஐ கட்டளை போய்த் தூங்குகிற டிவியின் காதில் விழாமல் போய்விடுகிறது. நடுவில் காத்திருப்புகளைச் சேர்த்தேன், ஒவ்வொரு காத்திருப்பும் கொஞ்சம் இடத்தைத் தின்றது. அப்பா எட்டிப் பார்த்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார், சொன்னேன்.

"கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடி தூக்கக் கூடாதும்மா" என்றார். "ஆனா கீழ ஆள் மாட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல மேல இருக்கிறவன் சும்மா குந்திக்கிட்டு இருக்க மாட்டான். அடுத்ததுக்கு பூமைத் திருப்பி வச்சிருவான்."

அவர் கிரேனைப் பற்றித்தான் பேசினார். நான் வரிசையை மாற்றினேன். முதலில் டிவியை எழுப்பு. அது கண் கசக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் சவுண்ட்பாரை எழுப்பு, டிகோடரில் எண்ணைத் தட்டு. கடைசியில் எச்டிஎம்ஐ. இருந்த நான்கு காத்திருப்புகளில் மூன்று தேவையில்லாமல் போயின. டிகோடரை மட்டும் அணைப்பதே இல்லை என்று முடிவுசெய்தோம். அதன் பொத்தான் ஒரு அழுத்தில் எழுப்பும், மறு அழுத்தில் தூங்கவைக்கும், ஒரு நாள் கணக்குத் தவறினால் எல்லாம் தலைகீழாகிவிடும். கரண்ட் பில் ஏறும் என்று தம்பி முணுமுணுத்தான். நான் கட்டுகிறேன் என்றேன்.

காலைப் பொத்தானில் என் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தேன். செய்திக்குப் பச்சை, பழைய படத்துக்கு மஞ்சள். உபயோகமில்லாத பொத்தான்கள் மேல் கறுப்பு நாடா ஒட்டினேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் எடுத்துவந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நகப்பூச்சு உறைக்கு வெளியிலும் தெரிந்தது.

திங்கள் காலை ஆறு பத்துக்கு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் வைத்திருந்த என் போனில் வெளிச்சம் வந்தது. அப்பா. ஒரு அடி அடித்து நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் 'மிஸ்ட் கால்' என்றால் வந்து சேர்ந்தேன் என்று பொருள். பள்ளி நாட்களில் நான் அவருக்குக் கொடுத்தது. செவ்வாய் ஆறு ஐந்துக்கு வந்தது. புதன் ஆறு மூன்றுக்கு.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து கூப்பிட்டேன். அம்மாவின் பிறந்தநாளன்று நான் பேசியதைப் போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை வரும்போது போட்டுக்காட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பெட்டியில வருமா?" என்று கேட்டார். வரவைக்கலாம் என்றேன்.

"இன்னொண்ணு. இடம் மீதி இருக்குன்னியே?"

"இருக்குப்பா. ரெண்டு மூணு பொத்தான் போடலாம்."

"நீ பேசுறப்ப சரி, பாட்டு போடுறப்ப சரி. நடுவுல விளம்பரம் போடுறீங்களே, அப்ப மட்டும் சத்தத்தை நிறுத்துறதுக்கு ஒண்ணு வச்சிக் கொடு."

அந்த விளம்பரத்தில்தான் அப்பா என் சம்பளம் வருகிறது என்று சொன்னேன். அது எனக்குத் தெரியும், பொத்தானை வை என்றார். சவுண்ட்பார் ரிமோட்டில் அந்தப் பொத்தான் கீழ் வரிசையில் இருக்கிறது. கலிமந்தாங்கை அணைத்துவிட்டு, ஒரே தட்டு.